கடல் திருத்திய பாடம்



இம்முறை மார்க்கச் சட்டம் எதையும் விளக்க நான் வரவில்லை. வகுப்பறையில் நான் விட்ட ஒரு பிழையையும், அதைத் திருத்த என்னைக் கடல்வரை கொண்டு போன ஒரு பயணத்தையும் சொல்ல வந்திருக்கிறேன். பிள்ளைகளோடு காலையும் மாலையும் இருப்பவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம் சொல்வது பயன் தரும் என்று நம்புகிறேன்.

நான் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் இஸ்லாமும் அரபும் கற்பிப்பவன். சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒன்பதாம் வகுப்பில் யூனுஸ் நபியின் வரலாற்றைச் சொல்லிக் கொண்டிருந்தேன். "ஹூத்" என்ற அரபுச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, "பெரிய மீன்" என்று பக்கத்தில் பொருளும் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று, "திமிங்கிலம் என்கிறோமே, அதுதான் மீன்களிலெல்லாம் பெரிய மீன்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அரபு எழுத்துக்களை அச்சுப் போல எழுதும் ஒரு பெண்பிள்ளை.

"சேர், திமிங்கிலம் மீன் இல்லையே. அது குட்டி போட்டுப் பால் குடுக்கும் எண்டு சயன்ஸ் டீச்சர் சொன்னா."

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்களே வந்து படிச்சுக் குடுங்களேன்" என்று சொல்லி, மணி அடிக்கும் வரை அவளை நிற்க வைத்தேன். அந்தப் பிள்ளை அழவில்லை. தலையைக் குனிந்து நின்றாள்.

அதன் பிறகு நான் கேட்டால் விடை சொல்வாள். தானாகக் கை உயர்த்திக் கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். சகோதரிகளே! ஒரு பிள்ளையின் வாயை அடைக்க ஒரு பாடவேளை போதும். திறக்க எத்தனை நாள் வேண்டும் என்பதை நான் பிறகுதான் கண்டேன்.

அன்றிரவு இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளுடைய ஊர் வெலிகம. "அந்தப் பிள்ளை சொன்னது சரிதானே" என்றாள். "சரியோ பிழையோ, ஆசிரியரைத் திருத்துவதற்கு ஒரு முறை இல்லையா?" என்று நான் வாதாடினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டாள்.

டிசம்பர் விடுமுறைக்கு வெலிகம போனோம். போன மறுநாள் அவள் ஒரு ஆசையைச் சொன்னாள். திருமணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்டவை மிகக் குறைவு.

"வாப்பா மீன் ஏலத்துக்குப் போவாரு. நானா ஆழ்கடலுக்குப் போவாரு. நாங்க பொம்பிளப் பிள்ளைகள் கொண்டு வந்த மீன வெட்டினோம், கருவாடு காயப் போட்டோம். கடல்ட வாசலிலேயே பொறந்து, கடலுக்குள்ள ஒரு நாளும் நான் போகல்ல. மிரிஸ்ஸவில இருந்து திமிங்கிலம் பார்க்கப் படகு போகுதாம். ஒரு தரம் கூட்டிக் கொண்டு போங்களேன்."

வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்கு நாம் ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் "கடல்ட வாசலிலேயே பொறந்து" என்ற சொல் என்னை விடவில்லை. மச்சானிடம் சொல்லி டிக்கட் எடுத்தோம்.

ஸுப்ஹு தொழுதுவிட்டு, இஞ்சி போட்ட பிளேன்டி குடித்துவிட்டு, வெலிகமயிலிருந்து சில கிலோ மீற்றர் தூரத்திலுள்ள மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். ஆறரை மணியளவில் படகு புறப்பட்டது. எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். என் மனைவி அதை அபாயாவுக்கு மேலால் கட்டிக் கொண்டு, எங்கள் இரண்டு பிள்ளைகளையும் இரு பக்கமும் இருத்திக் கொண்டாள். நான் அரை மணித்தியாலத்தில் தலைசுற்றிப் படகின் ஓரத்தைப் பிடித்துக் கொண்டேன். அவளோ காற்றில் முகத்தைக் கொடுத்தபடி இருந்தாள்.

படகில் இருந்த சிங்கள இளைஞர் நல்ல விஷயம் தெரிந்தவர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கடல் அமைதியாக இருப்பதால் அக்காலத்தில்தான் இங்கிருந்து படகு விடுகிறார்களாம். தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் இங்கே கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் பார்க்கலாமாம். கரைக்கு இவ்வளவு கிட்ட திமிங்கிலம் வருவதேன் என்று என் மகன் கேட்டான். இலங்கையின் தென்கரையில் ஆழங்குறைந்த பகுதி மிக ஒடுக்கம். கரையிலிருந்து சிறிது தூரம் போனாலே கடல் பாதாளமாகிவிடுகிறது. அதனால் ஆழ்கடல் உயிர்களும் கரைக்குக் கிட்ட வருகின்றன என்று அவர் விளக்கினார்.

"இங்குள்ள நீலத்திமிங்கிலம் என்ன தின்னும்?" என்று என் மனைவி சிங்களத்தில் கேட்டாள். சின்னஞ்சிறு இறால் என்றார். நம்முடைய கூனி இறாலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க சம்பலுக்குப் போடுற கூனியத் திண்டா இவ்வளவு பெரிசா வளர்ந்திருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஸுப்ஹானல்லாஹ்! உலகில் இதுவரை வாழ்ந்த உயிர்களில் மிகப் பெரியது நீலத்திமிங்கிலம். அதற்கு இரணம் அத்தனை சிறிய உயிரில் வைக்கப்பட்டிருக்கிறது.

எட்டு மணியிருக்கும். யாரோ கத்தினார்கள். தூரத்தில் கடலின் மேல் ஒரு வெள்ளைத் தூண் எழும்பிக் காற்றில் கரைந்தது. அரைத் தென்னை உயரம் இருக்கும். அது தண்ணீரைப் பீச்சுவதாக நான் அதுவரை நினைத்திருந்தேன். அது மூச்சு. நெஞ்சுக்குள் இருந்து வரும் சூடான காற்று வெளியே வந்ததும் ஆவியாகத் தெரிகிறது. மலைநாட்டுக் குளிரில் விடியற்காலையில் நம் வாயிலிருந்து புகை வருகிறதே, அதைப் போலத்தான். அந்தக் கணத்தில் இரண்டாம் வரிசைப் பிள்ளையின் முகம் என் கண்முன் வந்தது. மீன் மூச்சுவிட மேலே வருவதில்லை. செவுளால் தண்ணீரிலிருந்தே அது காற்றை எடுத்துக் கொள்ளும். இதுவோ நம்மைப் போல நுரையீரலால் சுவாசிக்கும் உயிர். அவள் சொன்னது சரி.

பிறகு முதுகு தெரிந்தது. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். அது தண்ணீருக்கு மேல் வந்து கொண்டே இருந்தது, முடியவே இல்லை. ஒரு பஸ் வண்டி இரண்டின் நீளம் என்றாலும் மிகையில்லை. கடைசியில் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. படகில் இருந்த எல்லோரும் வாயடைத்துப் போனோம்.

அடுத்த தரம் அது எழும்பிய போது பக்கத்தில் ஒரு சிறிய முதுகும் எழும்பியது. தாயும் குட்டியும். சின்ன மூச்சு ஒன்று, பெரிய மூச்சு ஒன்று.

இங்கேதான் சகோதரிகளே, நடக்கக்கூடாதது நடந்தது. சுற்றுமுற்றும் நின்ற படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இயந்திரத்தை முடுக்கின. ஐந்தாறு படகுகள் மூன்று பக்கத்தாலும் வந்து வளைத்தன. எங்கள் படகும் முந்திப் போனது. கைகளில் கெமராக்கள், டெலிபோன்கள், கூச்சல், டீசல் புகை. தாய் குட்டியைத் தள்ளிக் கொண்டு திரும்பியது. அந்தப் பக்கமும் ஒரு படகு. மீண்டும் திரும்பியது. என் கையிலும் டெலிபோன் இருந்தது. நானும் படம் எடுத்துக் கொண்டுதான் நின்றேன்.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். "பாவம், இது பிள்ளை பெத்த வீடு. நாப்பது நாள் முடியாத அறைக்குள்ள இத்தன ஆம்பிளயள் நுழைஞ்ச மாதிரி இருக்கு. எனக்குப் பார்க்க ஏலாது."

நான் பேசாமல் நின்றேன். அவளே எழுந்து, அந்த இளைஞரைத் "தம்பி" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எங்களுக்குக் கிட்டப் பார்க்கத் தேவையில்லை. தாயையும் பிள்ளையையும் விட்டுவிடச் சொல்லுங்கள்." அவர் முகம் மாறியது. சட்டம் தனக்கும் தெரியும் என்றார். 2012ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதிப்படி கடல் பாலூட்டிகளை 100 மீற்றருக்குள் படகால் நெருங்கக் கூடாது. "ஆனால் கிட்டக் காட்டாவிட்டால் வந்தவர்கள் குறை சொல்கிறார்கள் அக்கா" என்றார். பிறகு ஓட்டுபவரிடம் போய்ப் பேசினார். எங்கள் படகு பின்வாங்கி இயந்திரத்தைத் தணித்தது. கொடுத்த காசுக்குப் பார்க்க விடவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

மற்றப் படகுகளும் ஒன்றிரண்டாகக் கலைந்த பிறகு, வெகுதூரத்தில் அந்த இரண்டு மூச்சுக்களையும் கண்டோம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. அவசரமில்லாமல் அவை மேற்கு நோக்கிப் போயின. கிட்ட நின்றபோது பார்த்ததை விட நீண்ட நேரம் பார்த்தோம்.

அன்றிரவு வெலிகமயில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சுற்றி வளைக்கப்பட்ட அந்தத் தாயையும், வகுப்பு சிரிக்க நடுவில் நின்ற அந்தப் பிள்ளையையும் நினைத்துக் கொண்டு கிடந்தேன். "பாடசாலை திறந்ததும் அந்தப் பிள்ளையிடம் மாப்புக் கேளுங்க. வகுப்புக்கு முன்னால நிற்க வெச்சீங்க, வகுப்புக்கு முன்னாலேயே கேளுங்க" என்றாள் என் மனைவி. அவளும் தூங்கவில்லை.

வீடு திரும்பிய பின், தெரியாமல் பேசிய விஷயத்தைத் தெரிந்து கொள்ள முயன்றேன். விஞ்ஞான ஆசிரியையின் வீட்டுக்கு மனைவியோடு போய்ப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். படித்ததில் உங்களுக்குப் பிடிக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

நீலத்திமிங்கிலம் பத்து மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை வயிற்றில் சுமக்கிறது. பிறக்கும் குட்டி சுமார் 7 மீற்றர் நீளம். தாயின் பால் தண்ணீர் போல இராது. கொழுப்பு நிறைந்து கெட்டியாக இருக்கும். அதைக் குடித்துக் குட்டி நாளொன்றுக்குச் சுமார் 90 கிலோ எடை கூடுகிறது. ஆறேழு மாதம் பால் குடிக்கிறது. பாலூட்டும் தாய்க்கு எத்தனை உணவும் அமைதியும் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் படகால் விரட்டும் ஒவ்வொரு முறையும் அந்த உணவிலும் ஓய்விலுமிருந்துதான் ஒரு பங்கு போகிறது.

உலகின் மற்றக் கடல்களில் உள்ள நீலத்திமிங்கிலங்களில் அதிகமானவை குளிர்ந்த கடலில் தின்று, வெப்பமான கடலில் குட்டி போட வருடந்தோறும் நெடுந்தூரம் போய் வருபவை. நம் பக்கத்தில் உள்ளவை வருடம் முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டுப் பெண், கலாநிதி ஆஷா டி வோஸ். 2003இல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தபோது, நீலத்திமிங்கிலங்களின் செந்நிறக் கழிவு கடலில் மிதப்பதைக் கண்டார். கழிவு இருந்தால் அவை இங்கே இரை தின்கின்றன என்றுதானே பொருள்! மற்றவர்கள் அருவருக்கும் ஒன்றைப் பார்த்து அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஓர் ஆராய்ச்சியே பிறந்தது. கை உயர்த்தும் பெண்பிள்ளைகளை நிற்க வைக்கும் என் போன்ற ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் திமிங்கிலங்களுக்குப் படகுகளை விடப் பெரிய ஆபத்து கப்பல்கள். உலகின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று நம் தேவேந்திரமுனைக்கு வெளியே போகிறது. திமிங்கிலங்கள் இரை தின்பதும் அதே இடத்தில்தான். 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில் இறந்த நீலத்திமிங்கிலம் ஒன்று வளைந்து கிடந்தது. பாதையை 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. தூர விலகிப் போவது கப்பலுக்கும் முடிகிறது, படகுக்கு முடியாதா?

அரபு ஓதியவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு செய்தி. கூன்முதுகுத் திமிங்கிலம் என்று ஓரினம் உண்டு. அரபியில் "அல்ஹூத் அல்அஹ்தப்" என்பார்கள். அஹ்தப் என்றால் கூன் விழுந்தவன். அவுஸ்திரேலியாவின் கரையோரமாகவும் ஹவாய்த் தீவுகளிலும் அவை கூட்டமாக வரும் பருவத்தில் மக்கள் திரண்டு போய்ப் பார்க்கிறார்கள். வேட்டையை நிறுத்தியதால் அவுஸ்திரேலியாவில் அவை பெருகி, 2022இல் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன.

ஆனால் அரபிக்கடலில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அவை துருவக் கடலுக்குப் போவதில்லை. சுமார் 70,000 வருடங்களாக மற்றக் கூன்முதுகுத் திமிங்கிலங்களோடு கலக்காமல் தனியே வாழ்வதாக மரபணு ஆய்வு சொல்கிறது. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அவற்றில் 240க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன. இப்போது ஓமான் கரையோரம் நூறு கூட இல்லை என்று மதிப்பிடுகிறார்கள். மீன் வலைகளும் கப்பல்களும் மிஞ்சியவற்றை வருத்துகின்றன.

அவற்றில் ஒரு பெண் திமிங்கிலத்துக்கு "லுபான்" என்று பெயர் வைத்தார்கள். லுபான் என்றால் குந்திரிக்கம். அதன் வாலின் அடியில் உள்ள அடையாளம் குந்திரிக்க மரம் போலத் தெரிவதால் அந்தப் பெயர். கூன்முதுகுத் திமிங்கிலங்களின் வால் அடையாளம் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று மாறுபடும். 2017இல் ஓமானில் லுபானின் உடலில் செய்மதிக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் கோவாப் பக்கம் வந்தது. பிறகு தெற்கே இறங்கி, நமக்கும் இந்தியாவுக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடா வரை வந்து சேர்ந்தது. அரபு வணிகர் பாய்க்கப்பல் ஏறி வந்த கடல்வழியே அந்தத் தாயும் வந்திருக்கிறது. யாரும் படகால் விரட்டாமல் அது கடந்து போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

புது வருடத்தில் பாடசாலை திறந்தது. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். முதல் பாடவேளையில் "ஹூத்" என்ற சொல்லை மீண்டும் எழுதினேன்.

"இந்தச் சொல் பெரிய மீனுக்கும் வரும், இன்றைய அரபியில் திமிங்கிலத்துக்கும் வரும். ஆனால் திமிங்கிலம் மீன் இல்லை. அது பாலூட்டி. போன வருடம் நான் பிழையாகச் சொன்னேன். ஒரு மகள் என்னைச் சரியாகத் திருத்தினா. நான் அவவ நிற்க வைத்தேன். அது இரண்டாவது பிழை. முதலாவதை விடப் பெரியது." பிறகு அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மகள், என்னை மன்னித்துக் கொள்ளுங்கள்" என்றேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்று, "பரவாயில்ல சேர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கை உயரவில்லை. மறுநாளும் உயரவில்லை. மூன்று கிழமை நான் காத்திருந்தேன்.

நான்காவது கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை, பாடம் முடியும் நேரத்தில், இரண்டாம் வரிசையில் கை உயர்ந்தது.

"சேர், மூச்சு எடுக்க மேல வரணும் எண்டா, திமிங்கிலம் தூங்கக்குள்ள என்ன செய்யும்?"

எனக்கு விடை தெரியவில்லை. அதைச் சொன்னேன். அடுத்த நாள் என் பாடவேளையிலேயே விஞ்ஞான ஆசிரியையை அழைத்து வந்தேன். டொல்பின் என்று நாம் சொல்லும் ஓங்கில்களில், மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள் என்று அவர் படம் வரைந்து விளக்கினார். நான் பின்வரிசையில் ஒரு கதிரையில் இருந்து பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டேன்.

சகோதரிகளே! உங்களில் சிலர் இந்தப் பருவத்தில் மிரிஸ்ஸவுக்கோ திருகோணமலைக்கோ குடும்பத்தோடு போகலாம். போங்கள்; பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். படகில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "எங்களுக்குத் தூரத்தில் நின்று பார்த்தால் போதும்." கிட்டக் காட்டவில்லை என்ற குறைச்சொல்லுக்குப் பயந்துதான் பல படகுகள் விரட்டுகின்றன. பார்க்க வந்தவர்களே வேண்டாம் என்றால் ஓட்டுபவருக்கும் மனம் இலேசாகும். என் மனைவி ஒரு சொல்லால் ஒரு படகைப் பின்வாங்க வைத்தாள்.

வீட்டில் பிள்ளை உங்கள் பேச்சைத் திருத்தினால் உடனே கோபப்படாதீர்கள். அது சொல்வது சரியா என்று ஒரு நிமிடம் பாருங்கள். நாற்பது வயது கடந்த பிறகு நான் கற்றுக் கொண்ட பாடம் இது. உங்கள் வீட்டில் இது முன்னரே கற்கப்படட்டும்.

வஸ்ஸலாம்.